வாசகர் கேள்வி–பதில்: தானாக நடக்க வேண்டிய நிறுவல் பாதியில் நிற்பது ஏன்?

கல்லூரி ஆய்வகங்களிலும் சிறு அலுவலகங்களிலும் ஒரே நேரத்தில் பல கணினிகளுக்கு லினக்ஸ் நிறுவ முயன்றவர்களின் கடிதங்களே இம்மாதம் மிகுதி. ஏறக்குறைய எல்லோரும் சந்தேகப்படுவது விடைக் கோப்பைத்தான். அதாவது, நிறுவி கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி வைத்த கோப்பை. டெபியனில் அது பிரீசீட், ரெட்ஹாட் குடும்பத்தில் கிக்ஸ்டார்ட், உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டால். ஆனால் இந்த வேலை முழுவதிலும் கடைசியாகப் படிக்கப்படும் கோப்பு அதுதான் என்பதையும், அதற்கு முன்பே நான்கைந்து படிகள் கடந்தாக வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு கீழுள்ள பதில்களைப் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நாற்பது கணினிகள் உள்ளன. நெட்வொர்க் வழியாக டெபியன் நிறுவுவதற்காக ஒரு சர்வரை அமைத்தேன். சில கணினிகள் ஒழுங்காகத் துவங்குகின்றன. மற்றவை ‘பிஎக்ஸ்இ-ஈ51’ என்ற பிழையைக் காட்டி நின்றுவிடுகின்றன. மறுபடி துவக்கினால் சில நேரம் சரியாகிவிடுகிறது. விடைக் கோப்பில் என்ன தவறு இருக்கக்கூடும்?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: விடைக் கோப்பில் தவறு இருக்கலாம். ஆனால் இந்தக் கணினிகள் அதை இன்னும் பார்க்கவே இல்லை.

நெட்வொர்க் கார்டில் உள்ள பிஎக்ஸ்இ என்ற சிறு துவக்க நிரல் முதலில் டிஎச்சிபி முறையில் ஐபி முகவரி கேட்கிறது. முகவரியோடு, துவக்கக் கோப்பின் பெயரும் அது இருக்கும் சர்வரின் முகவரியும் கிடைக்க வேண்டும். பிறகு டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் அந்தக் கோப்பு இறங்குகிறது. அது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலையும் இனிட்ஆர்டி எனப்படும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பையும் இறக்குகிறது. கர்னல் எழுந்து, மறுபடியும் ஐபி முகவரி கேட்டு வாங்கிக்கொண்டு, அதன் பின்னரே விடைக் கோப்பைத் தேடிப் போகிறது. இன்டெல் நிறுவனம் 1999-இல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 விவரக்குறிப்பின் வழியில்தான் இந்தத் துவக்கம் இன்றும் பெரும்பாலும் நடக்கிறது. ‘ஈ51’ என்றால் முதல் படியிலேயே, முகவரி கேட்டதற்கு எவரும் பதில் சொல்லவில்லை என்று பொருள்.

சில நேரம் வேலை செய்வதும் சில நேரம் செய்யாததும்தான் இதில் நல்ல துப்பு. அமைப்பில் எழுத்துப் பிழை இருந்தால் எல்லாக் கணினிகளும் எல்லா நேரமும் தோற்க வேண்டும். நேரத்தைப் பொறுத்து முடிவு மாறுகிறதென்றால், ஸ்விட்ச் மீது என் சந்தேகம் விழுகிறது. மேலாண்மை வசதியுள்ள ஸ்விட்ச்களில், கேபிள் சுழல் உண்டாகாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறை இயங்குகிறது. அதன் பழைய வடிவத்தில், ஒரு போர்ட் உயிர்பெற்றதும் 15 வினாடி கவனித்தும் 15 வினாடி கற்றும், ஆக 30 வினாடி கழித்தே தரவைக் கடத்தத் தொடங்கும். அந்த 30 வினாடியில் கணினி எத்தனை முறை முகவரி கேட்டாலும் அக்குரல் சர்வரை எட்டாது. விவரக்குறிப்பின்படி கணினி 4, 8, 16, 32 வினாடிகள் என இடைவெளியைக் கூட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே கைவிட்டுவிடும் கார்டுகள் பல உண்டு. மறுபடி துவக்கும்போது சில கார்டுகள் இணைப்பை அறுக்காமல் வைத்திருப்பதால் போர்ட் ஏற்கெனவே திறந்திருக்கும். உடனே முகவரி கிடைத்துவிடும். நீங்கள் கண்ட ‘சரியாகிவிடுகிறது’ அநேகமாக இதுவே.

சோதித்துப் பார்ப்பது எளிது. தோற்கும் கணினிக்கும் சுவரில் உள்ள போர்ட்டுக்கும் இடையே, எந்த அமைப்பும் தேவைப்படாத ஒரு சாதாரண எட்டு போர்ட் ஸ்விட்சைச் செருகுங்கள். கணினி அணைந்து எழுந்தாலும் பெரிய ஸ்விட்சின் போர்ட் விழாது. இப்போது ஒவ்வொரு முறையும் முகவரி கிடைக்கிறதென்றால் காரணம் உறுதி. கணினிகள் மட்டுமே செருகப்பட்ட போர்ட்களில் ‘போர்ட்ஃபாஸ்ட்’ அல்லது ‘எட்ஜ் போர்ட்’ என்ற அமைப்பை இயக்கச் சொல்லுங்கள். இரு ஸ்விட்ச்களை இணைக்கும் போர்ட்களில் அதை இயக்கக் கூடாது; ஸ்பானிங் ட்ரீயை முழுவதும் நிறுத்தவும் கூடாது. ஆய்வக மேசைக்கடியில் யாரோ ஒரு கேபிளின் இரு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகினால் என்ன ஆகும் என்பதைக் கல்லூரி முழுவதும் அன்றைக்கே தெரிந்துகொள்ளும்.

இதே தாமதம் இரண்டாம் முறையும் தலைகாட்டும். நிறுவியின் கர்னல் தன் டிரைவரை ஏற்றும்போது இணைப்பு ஒருமுறை அறுந்து ஒட்டுவதால், பிஎக்ஸ்இ படி தாண்டிய கணினி ‘நெட்வொர்க் தானமைப்பு தோல்வி’ என்று அங்கே நின்றுவிடுவதுண்டு. டெபியன் நிறுவியில் இணைப்புக்காகவும் முகவரிக்காகவும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட அமைப்புகள் உள்ளன. அவற்றைக் கர்னல் வரியிலேயே, அதாவது கர்னலைத் துவக்கும்போது அதற்குத் தரும் கட்டளை வரியிலேயே, தர வேண்டும்.

முதல் இருபது கணினிகள் ஓடி, அதற்குப் பிறகு எழுந்தவை மட்டும் தோற்கின்றன என்றால் கதை வேறு: முகவரிகள் தீர்ந்துபோயிருக்கும். பிஎக்ஸ்இ நிரல் தன்னை ஓர் அடையாளத்தாலும், பின்னர் எழும் நிறுவி வேறோர் அடையாளத்தாலும் அறிவித்துக்கொண்டால், சர்வர் ஒரே கணினிக்கு இரண்டு முகவரிகளை ஒதுக்கிவிடும். ஐம்பது முகவரிகள் வைத்திருப்பவர் நாற்பது கணினிகளுக்குத் தாராளம் என்றுதான் நினைப்பார். ஒரு முகவரி ஒரு கணினிக்கே ஒதுங்கியிருக்கும் குத்தகைக் காலத்தைக் குறைத்து, முகவரி வரம்பை இரட்டிப்பாக்குங்கள்.

கேள்வி: எங்களுக்கு வருவது ‘பிஎக்ஸ்இ-ஈ53’. ஐபி முகவரி கிடைக்கிறது, ஆனால் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்கிறது. சர்வரில் பெயரைக் கொடுத்திருக்கிறேன், பலமுறை சரிபார்த்தும்விட்டேன்.
— ஈரோடு வாசகர்

பதில்: உங்கள் சர்வர் கொடுத்த முகவரியா அது என்பதை முதலில் பாருங்கள். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஎச்சிபி சர்வர்கள் இருந்தால் கணினி பெரும்பாலும் முந்திக்கொண்டு பதில் சொன்னவரைப் பிடித்துக்கொள்ளும். இணைய நிறுவனம் கொடுத்த மோடமோ, மூலையில் யாரோ வைத்த வைஃபை ரவுட்டரோ முகவரியை மட்டும் தந்து, கோப்புப் பெயர் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடும். சர்வரில், நெட்வொர்க்கில் போய்வரும் தரவைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை இயக்கி 67, 68 ஆகிய யூடிபி போர்ட்களை (இவை கேபிள் செருகும் போர்ட்கள் அல்ல, தரவு வந்துபோகும் வாயில்களின் எண்கள்) கவனித்துக்கொண்டே ஒரு கணினியைத் துவக்குங்கள். எந்தெந்த முகவரியிலிருந்து பதில் வருகிறது என்பது அப்படியே தெரியும்.

அந்த ரவுட்டரை நீக்க உங்களுக்கு அதிகாரம் இல்லையெனில் மோத வேண்டாம். முகவரி தரும் வேலையை அதனிடமே விட்டுவிட்டு, துவக்கக் கோப்பின் விவரத்தை மட்டும் சொல்லும் ‘பிராக்ஸி டிஎச்சிபி’ என்ற முறை உண்டு. டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளில் அதற்கான வசதி இருக்கிறது. அதற்கு 4011 என்ற போர்ட்டும் ஃபயர்வாலில் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: பழைய கணினிகளில் சிக்கல் இல்லை. இந்த ஆண்டு வாங்கிய புதியவற்றில் கோப்பு இறங்குவதுபோல் தெரிந்து, ஒரு செய்தியும் இல்லாமல் பயாஸ் திரைக்கே திரும்பிவிடுகிறது. சர்வர் ஒன்றுதான், அமைப்பும் ஒன்றுதான்.
— மதுரை வாசகர்

பதில்: அமைப்பு ஒன்றாக இருப்பதே காரணம். பழைய கணினிகள் மரபான பயாஸ் முறையில் எழுகின்றன; புதியவை அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறையில் மட்டுமே எழும். பழையவற்றுக்கு நீங்கள் கொடுக்கும் பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற துவக்கக் கோப்பைப் புதியவை இறக்கிக்கொள்ளும், ஆனால் இயக்கத் தெரியாமல் ஓசையின்றித் தூக்கிப் போட்டுவிடும். அவற்றுக்கு கிரப் அல்லது ஐபிஎக்ஸ்இ என்ற துவக்க நிரலின் யூஇஎஃப்ஐ வடிவம் வேண்டும்.

இரண்டு வகையும் கலந்துள்ள ஆய்வகத்தில், முகவரி கேட்கும்போதே கணினி தன் வகையைச் சொல்லிவிடுகிறது. டிஎச்சிபி கோரிக்கையில் 93-ஆம் விருப்பம் என்ற இடத்தில் ஓர் எண் வரும்: 0 என்றால் பழைய பயாஸ், 7 என்றால் பெரும்பாலும் 64 பிட் யூஇஎஃப்ஐ. இந்த எண்களை வரையறுத்த ஆவணத்தின் முதல் அட்டவணை 64 பிட்டுக்கு 9 என்றுதான் சொன்னது. நடைமுறையில் தயாரிப்பாளர்கள் 7-ஐ அனுப்பினார்கள். எனவே இரண்டுக்கும் ஒரே கோப்பைத் தரும்படி எழுதிவிடுவது நல்லது. கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் இயங்கவிடும் செக்யூர் பூட் இயங்கினால், கையொப்பமிட்ட ஷிம் கோப்பை முதலில் கொடுத்து, அதே அடைவில் கையொப்பமிட்ட கிரப் கோப்பையும் வைக்க வேண்டும். ஷிம் தானே அதைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

பழைய முறையிலேயே நீடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஎக்ஸ்இலினக்ஸ் அடங்கிய சிஸ்லினக்ஸ் தொகுப்பின் 5-ஆம் பதிப்பிலிருந்து பிஎக்ஸ்இலினக்ஸ் தனித்து இயங்குவதில்லை, ‘எல்டிலினக்ஸ்.சி32’ என்ற துணைக் கோப்பும், அதே பதிப்பைச் சேர்ந்ததாக, அருகில் இருக்க வேண்டும். ஒன்றை ஒரு பதிப்பிலிருந்தும் மற்றதை இன்னொன்றிலிருந்தும் நகலெடுத்து வைத்தால் அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: துவக்கக் கோப்பு இறங்குகிறது, இனிட்ஆர்டி இறங்கும்போது மட்டும் மிக மெதுவாகி, சில நேரம் நின்றே போகிறது. டிஎஃப்டிபி சர்வரை மாற்ற வேண்டுமா?
— சேலம் வாசகர்

பதில்: சர்வரை மாற்றுவதைவிட, அந்தப் பெரிய கோப்பை டிஎஃப்டிபியிடமிருந்து விலக்குவது மேல். இது ஒரு துண்டை அனுப்பி, வந்து சேர்ந்தது என்ற பதில் கிடைத்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும் எளிய நெறிமுறை. இயல்பான துண்டின் அளவு 512 பைட். துண்டின் வரிசை எண்ணுக்கு ஒதுக்கப்பட்டது 16 பிட். ஆகவே 65,535 துண்டுகளுக்கு மேல் எண்ண முடியாது; கோப்பின் உச்ச அளவு ஏறக்குறைய 32 எம்பி. இந்த வரம்பைத் தாண்ட, துண்டின் அளவைப் பெரிதாக்கும் வசதியும் எண்ணைச் சுழியிலிருந்து மறுபடி தொடங்கும் வழக்கமும் பின்னர் வந்தன. ஆனால் இரு முனைகளும் அவற்றை ஏற்க வேண்டும். டிஎஃப்டிபி வழியாக ஐபிஎக்ஸ்இயை மட்டும் இறக்கிவிட்டு, கர்னலையும் இனிட்ஆர்டியையும் எச்டிடிபி வழியாக எடுத்தால் வேகம் வியக்கத்தக்க அளவில் கூடும்.

ஒன்றுமே இறங்காமல் ‘பிஎக்ஸ்இ-ஈ32’ என்று நேரம் முடிந்துபோனால் ஃபயர்வாலைப் பாருங்கள். முதல் கோரிக்கை மட்டுமே 69-ஆம் போர்ட்டுக்குப் போகும்; தரவு வேறொரு போர்ட்டிலிருந்து வரும். 69-ஐ மட்டும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கேள்வி: விடைக் கோப்பில் மொழி, நாடு, விசைப்பலகை எல்லாவற்றையும் எழுதியும் டெபியன் நிறுவி அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கிறது. பிறகு வட்டு எது என்றும் கேட்டு நிற்கிறது.
— சென்னை வாசகர்

பதில்: இவை தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள்.

நெட்வொர்க் வழி வரும் விடைக் கோப்பு, நெட்வொர்க் இயங்கிய பின்னரே கைக்கு வரும். மொழியும் விசைப்பலகையும் அதற்கு முன்பே கேட்கப்படுகின்றன. ஆகவே அவற்றைக் கர்னல் வரியில் தாருங்கள்; அல்லது அதே வரியில் ‘ஆட்டோ=ட்ரூ’, ‘பிரையாரிட்டி=கிரிட்டிகல்’ என்ற இரண்டையும் சேருங்கள். முதலாவது அக்கேள்விகளை விடைக் கோப்பு வரும் வரை தள்ளிவைக்கும். இரண்டாவது முக்கியமல்லாத கேள்விகளை அடக்கிவிடும்.

வட்டின் சிக்கலில் அவசரப்படாதீர்கள். கோப்பில் நீங்கள் ‘எஸ்டிஏ’ என்று எழுதியிருப்பீர்கள். புதிய கணினிகளில் உள்ள என்விஎம்இ வட்டின் பெயர் அதுவல்ல, ‘என்விஎம்இ0என்1’. அப்பெயரில் வட்டு இல்லாததால்தான் நிறுவி உங்களைக் கேட்கிறது; கேட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். என்விஎம்இ வட்டுள்ள கணினியில் யாரோ ஒரு பென்டிரைவைச் செருகி வைத்திருந்தால் ‘எஸ்டிஏ’ என்ற பெயர் அதற்குப் போயிருக்கும். நிறுவி எதுவும் கேட்காமல் அதை அழித்து, அதிலேயே நிறுவத் தொடங்கியிருக்கும். சில கணினிகளில் தரவு வட்டு ஒன்றும் கூடுதலாக இருந்தால், நிறுவலுக்கு முன் அதன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கிக்ஸ்டார்ட் பயன்படுத்துவோர் ‘எல்லா வட்டுகளையும் துடை’ என்ற கட்டளையை எழுதுமுன், எந்த வட்டை மட்டும் தொடலாம் என்பதைத் தனி வரியில் கட்டுப்படுத்துவது கட்டாயம்.

நிறுவி எங்கே தயங்கியது என்பதை அதே கணினியில் பார்க்கலாம். ஆல்ட் விசையோடு எஃப்4-ஐ அழுத்தினால் லாக் ஓடும். எஃப்2 ஒரு கட்டளைத் திரையைத் தரும். கோப்பை அனுப்புமுன் ‘டெப்கான்ஃப்-செட்-செலக்‌ஷன்ஸ்’ கட்டளையைச் சோதனை விருப்பத்தோடு இயக்கினால் எழுத்து வடிவப் பிழைகள் வெளிப்படும். மதிப்பு தவறா என்பதை அது சொல்லாது.

கேள்வி: உபுண்டு சர்வரில் ஆட்டோஇன்ஸ்டால் முறையை முயன்றேன். விடைக் கோப்பை உலாவியில் திறந்தால் தெரிகிறது. நிறுவியோ அப்படி ஒரு கோப்பே இல்லாததுபோல் மொழித் திரையைக் காட்டுகிறது.
— கோவை வாசகர்

பதில்: கிரப் வழியாகத் துவக்குகிறீர்கள் என்றால், ஒரு அரைப்புள்ளி உங்களை இப்பாடு படுத்தியிருக்கக்கூடும். விடைக் கோப்பின் இடத்தைச் சொல்லும் வரி ‘டிஎஸ்=நோகிளவுட்-நெட்’ என்று தொடங்கி, அரைப்புள்ளி இட்டு, ‘எஸ்=’ என்று சர்வரின் முகவரியைச் சொல்கிறது. கிரப்புக்கு அரைப்புள்ளி என்பது கட்டளையின் முடிவு. அதற்குப் பின்னால் உள்ள முகவரி முழுவதையும் வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் கர்னலுக்கு அனுப்பும். அந்தப் பகுதியை மேற்கோள் குறிக்குள் இடுங்கள். சரிபார்க்க, நிறுவி எழுந்தபின் கட்டளைத் திரைக்குப் போய், ப்ராக் அடைவில் உள்ள ‘சிஎம்டிலைன்’ கோப்பைத் திறந்து பாருங்கள். கர்னலுக்கு உண்மையில் வந்து சேர்ந்தது என்ன என்பது எழுத்துக்கு எழுத்து அதில் இருக்கும்.

அது சரியாக இருந்தால் அடுத்து மூன்றைப் பாருங்கள். முகவரி சாய்கோட்டில் முடிய வேண்டும். ‘யூசர்-டேட்டா’ கோப்பின் அருகே ‘மெட்டா-டேட்டா’ என்ற கோப்பும் இருக்க வேண்டும். அது வெறுமையாக இருந்தாலும் போதும், இல்லாமல் இருக்கக் கூடாது. ‘யூசர்-டேட்டா’ கோப்பின் முதல் வரி ‘#கிளவுட்-கான்ஃபிக்’ என்ற தலைப்பாகவே இருக்க வேண்டும். சர்வரின் எச்டிடிபி லாக்கில் இவ்விரு கோப்புகளுக்கும் கோரிக்கை வந்திருக்கிறதா என்று பார்த்தால், நிறுவி சர்வரைத் தேடி வந்ததா இல்லையா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். கோரிக்கையே இல்லையென்றால் விடைக் கோப்பைத் திருத்திப் பயனில்லை. ‘ஆட்டோஇன்ஸ்டாலைத் தொடரவா’ என்று ஆம்–இல்லை கேட்டு நிற்பது வேறு: கர்னல் வரியில் ‘ஆட்டோஇன்ஸ்டால்’ என்ற சொல்லை விட்டிருக்கிறீர்கள்.

இந்த முறையில் ஐஎஸ்ஓ கோப்பு முழுவதும் நினைவகத்துக்குள் இறங்குகிறது என்பதால், குறைந்த ரேம் உள்ள பழைய கணினிகள் இடமில்லை என்று நின்றுவிடும். அவற்றுக்கு டெபியன் நிறுவியே தோது.

கேள்வி: நிறுவல் வெற்றிகரமாக முடிந்து கணினி மறுபடி எழுகிறது, எழுந்ததும் மறுபடி முதலிலிருந்து நிறுவத் தொடங்குகிறது.
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: பூட் வரிசையில் நெட்வொர்க் முதலிடத்தில் இருக்கிறது, சர்வரும் கேட்டவர்க்கெல்லாம் நிறுவியையே கொடுக்கிறது. பொதுவான மெனுவில் இயல்புத் தேர்வு, வட்டிலிருந்தே துவக்குவதாக இருக்கட்டும். நிறுவ வேண்டிய கணினிக்கு மட்டும் அதன் நெட்வொர்க் கார்டின் நிலையான அடையாள எண்ணான மேக் முகவரியின் பெயரில் தனிக் கோப்பை வைத்து, நிறுவலின் கடைசிக் கட்டளையாக அந்தக் கோப்பை நீக்கும்படி சர்வருக்குச் செய்தி அனுப்பச் செய்யுங்கள். பிஎக்ஸ்இலினக்ஸில் அந்தக் கோப்பின் பெயர் 01 என்று தொடங்கி, சிறிய எழுத்துகளில், இடையில் சிறுகோடுகளோடு இருக்க வேண்டும். முக்காற்புள்ளி இட்டால் கண்டுகொள்ளாது. நெட்வொர்க் வழி மறுநிறுவல் மாணவர் கைக்கு எட்டாதிருக்கவும் இதுவே வழி.

கேள்வி: ஆறு மாதம் முன்பு ஒழுங்காக ஓடிய அதே டெபியன் அமைப்பு இப்போது ‘கர்னல் மாட்யூல்கள் எதுவும் கிடைக்கவில்லை’ என்கிறது. நாங்கள் எதையும் மாற்றவில்லை.
— புதுச்சேரி வாசகர்

பதில்: நீங்கள் மாற்றவில்லை; டெபியன் கோப்புகளின் நகலைத் தரும் மிரர் சர்வர் மாறிவிட்டது. டெபியனின் நிலைத்த பதிப்பிலும் அவ்வப்போது திருத்த வெளியீடுகள் வருகின்றன. அவற்றோடு கர்னலும் மாறலாம். நீங்கள் சேமித்து வைத்த துவக்கக் கர்னல் பழையது. அது தேடும் மாட்யூல்கள், அதாவது டிரைவர் போன்ற கூடுதல் துண்டுகள், மிரரில் இப்போது இல்லை. அதே மிரரிலிருந்து நெட்வொர்க் வழித் துவக்கத்துக்கான நெட்பூட் தொகுப்பைப் புதிதாக இறக்கி, பழையதை இடம்பெயர்த்தால் போதும். சில வன்பொருள்கள் இயங்கத் தேவைப்படும் ஃபர்ம்வேர் கோப்புகளை இனிட்ஆர்டியோடு ஒட்டி வைத்திருந்தால் அந்த வேலையையும் மறுபடி செய்ய வேண்டும். டெபியன் 12-இலிருந்து ஐஎஸ்ஓ வடிவத்தில் ஃபர்ம்வேர் சேர்ந்தே வருகிறது என்றாலும், நெட்பூட் தொகுப்பில் அது இல்லை.

கேள்வி: ஒரே ஆய்வகம், ஒரே வகைக் கணினிகள். மூன்றில் மட்டும் கோப்புகளை இறக்கும் கட்டத்தில், கையொப்பம் செல்லாது என்ற பொருளில் பிழை வருகிறது.
— நாகர்கோவில் வாசகர்

பதில்: அந்த மூன்றின் பயாஸில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோன கணினி, மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். அதன் கணக்கில் மிரரின் கையொப்பம் இன்னும் பிறக்காத நாளில் இடப்பட்டது. எச்டிடிபிஎஸ் சான்றிதழும் அப்படியே. நிறுவி இணையத்தில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ள முயன்றாலும், கல்லூரி ஃபயர்வால் 123-ஆம் போர்ட்டைத் தடுத்திருந்தால் பதில் வராது. இப்போதைக்குத் தேதியைக் கையால் திருத்தி நிறுவலை முடித்துக்கொள்ளலாம். பேட்டரியை மாற்றும் அன்று பயாஸ் அமைப்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பல மதர்போர்டுகளில் அவையும் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கும். நெட்வொர்க் பூட்டை மறுபடி இயக்கி, பூட் வரிசையையும் அமைத்த பிறகே மூடியைப் பூட்டுங்கள்.